குடிக்கு ஒரு கிண்ணம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



ஆங்கில அகராதியில் குடிவகைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. ஸ்கொட்லாந்தின் குளிருக்கு விஸ்கி, தேன், தேசிப்புளி, சுடுநீர் ஆகியவற்றைக் கலந்து பருகுகிறார்கள். அதன் பெயர் 'ஹொட் ரொடி'. இந்த 'ரொடி' எங்கிருந்து போனது? வட இந்தியாவில் 'தாரி' என்று வழங்கும் சொல்லின் திரிபு அது. தாரி என்பது பனையின் சாறு. வடமொழியில் பனைக்குத் தாலம் என்று பெயர். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 'தாலவிலாசம்' பாடினாரே, அதே தாலந்தான். ஆகவே எடின்பரோ நகரத்தில் சளிக்கு மருந்தாக ஒருவர் குடிக்கும் கோப்பையின் மேல் நமது பனையின் பெயர் எழுதியிருக்கிறது. குடிக்கிறவருக்கு அது தெரியாது.

இன்னொன்று 'பஞ்ச்'. சாராயம், சர்க்கரை, புளி, நீர், வாசனைத் திரவியம் என்ற ஐந்தும் சேர்வதால் 'பஞ்ச' என்ற சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. மறுப்பவர்களும் உண்டு. 1632ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பனி ஊழியர் ஒருவர் எழுதிய கடிதத்திலேயே அச்சொல் காணப்படுகிறது. கலவைக் குடிவகைகளுக்கெல்லாம் மூத்தது பஞ்ச் என்பர். அது பிறந்த இடம் இந்தக் கீழைக் கடற்கரைகள். அதில் முதலில் ஊற்றப்பட்டது நமது சாராயம். நமது பஞ்சாமிர்தமும் ஐந்தின் கூட்டு. ஒன்று கோயிலுக்குப் போயிற்று, மற்றது கப்பலேறிற்று. அவ்வளவுதான் வேறுபாடு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீட்டிலே ஜின் கலந்து குடிப்பது. இலக்கியத் தொடரில் இதென்ன பேச்சு என்று சிலர் நெற்றியைச் சுருக்கக்கூடும். குடியைப் பரப்புவதற்கு நான் வரவில்லை. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய வள்ளுவரின் வழிவந்தவர்கள் நாங்கள். குடியால் அழிந்த வீடுகளை நம் ஒவ்வொரு ஊரிலும் விரல் மடித்து எண்ணலாம். ஆனாலும் ஒரு சமூகம் எதைக் குடிக்கிறது, எப்படிக் கலக்கிறது, எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறது, யாருக்கு ஊற்றுகிறது என்பவற்றைப் பார்த்தால் அந்தச் சமூகத்தின் முகம் தெரியும். அதைப் பார்ப்பது இலக்கியத்தின் வேலை.

முதலில் ஜின்னின் கதை. ஒல்லாந்தர் 'ஜெனீவர்' என்று ஒரு சாராயம் வடித்தார்கள். தானியச் சாராயத்தில் ஜூனிப்பர் என்ற செடியின் காய்களை இட்டு வாசமூட்டியது அது. ஜெனீவர் என்ற பெயரே ஆங்கிலேயர் நாவில் குறுகி ஜின் ஆயிற்று. அந்த ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டு முதல் 1795ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்தவர்கள். 137 ஆண்டுகள்! கோட்டை மதிலுக்கு உள்ளே ஜூனிப்பர் மணம், வெளியே பனங்கள்ளின் மணம் என்று கற்பனை செய்துபார்க்க எனக்கு விருப்பம்.

இங்கிலாந்தில் ஜின் முதலில் ஏழைகளின் நஞ்சாகத்தான் இருந்தது. 1751ஆம் ஆண்டு ஹோகார்த் என்ற ஓவியர் 'ஜின் ஒழுங்கை' என்று ஒரு படம் செதுக்கினார். போதையில் தாயின் கையிலிருந்து பிள்ளை நழுவி விழும் காட்சி அதிலே உண்டு. நமது மதுவொழிப்புக் கூட்டங்களில் காட்டப்படும் படங்களுக்கெல்லாம் பாட்டன் அது. அதே ஜின் அடுத்த நூற்றாண்டில் மேசைவிரிப்பும் வெள்ளிக் கரண்டியுமாகக் கனவான்களின் குடியாகிவிட்டது. குடிவகைகளுக்கும் சாதி உயர்வு உண்டு. மனிதர்களுக்குத்தான் அது அவ்வளவு எளிதாய்க் கிடைப்பதில்லை.

ஜின்னோடு ரொனிக் நீர் சேர்ந்தது காய்ச்சலால். ரொனிக் நீரின் கசப்பு கொயினாக் கசப்பு. தென்னமெரிக்க மலைகளில் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது கொயினா. மலேரியாவுக்கு நெடுங்காலம் அதுவே மருந்து. 1861ஆம் ஆண்டில் ஹக்கலைத் தோட்டத்தில் அந்த மரத்தை இலங்கைக்குக் கொண்டுவந்து நட்டார்கள். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபோது துரைமார் சிலகாலம் சிங்கோனாவை நம்பினார்கள், பிறகு தேயிலைக்குப் போனார்கள். 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா இந்த நாட்டை வாட்டியபோது கொயினாவின் கசப்பை அறியாத நாவே இல்லையென்று எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய கசப்பைத்தான் துரைமார் சர்க்கரையும் தேசிப்புளியும் ஜின்னும் சேர்த்து மாலைநேர இன்பமாக்கிக் கொண்டார்கள்.

இனி, கலக்கும் முறைக்கு வருவோம். பழைய பெயர்பெற்ற ஜின் கலவைகளை ஆராய்ந்தால் அவை மூன்று குடும்பங்களுக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். ஒன்று புளிக் குடும்பம். ஜின் இரண்டு பங்கு, தேசிப்புளி ஒரு பங்கு, சீனிப்பாகு ஒரு பங்கு. பாகைச் சற்றுக் குறைப்பவர்களும் உண்டு. இதற்குமேல் சோடா ஊற்றினால் 'ரொம் கொலின்ஸ்'. தேசிப்புளிக்கும் பாகுக்கும் பதிலாகப் போத்தலில் வரும் தேசிப் பாகை ஊற்றினால் 'கிம்லெற்'. கடலோடிகளுக்குச் சொறிநோய் வராமல் இருக்கத் தேசிச்சாற்றைக் கெடாமல் காக்கும் முறையை 1867ஆம் ஆண்டில் ரோஸ் என்பவர் பதிவு செய்தார். அதன் வாரிசுதான் அந்தப் பாகு.

இரண்டாவது கசப்புக் குடும்பம். ரொனிக் கலந்தது இதிலே சேரும். இத்தாலியரின் 'நெக்ரோனி'யும் சேரும். அது ஜின், கசப்பு மது, மூலிகை கலந்த இனிப்புத் திராட்சை மது என்ற மூன்றும் சமபங்கு. மூன்றாவது வரண்ட குடும்பம். புளியும் இல்லை, சீனியும் இல்லை. ஜின்னில் மூலிகைத் திராட்சை மது சிறிதளவு மட்டும் சேர்ந்தது. அதுவே 'மார்ட்டினி'.

இவற்றுக்கு ஒரு பொதுவிதி உண்டு. பழச்சாறு சேர்ந்தால் குலுக்கவேண்டும், சேராவிட்டால் கரண்டியால் கலக்கவேண்டும். குலுக்கினால் காற்றுப் புகுந்து கலங்கும், பழச்சாற்றுக்கு அது அழகு. தெளிந்த மதுவுக்கு அழகில்லை. ஐஸ் குளிரூட்டுவதற்கு மட்டுமல்ல, உருகி நீராவதும் கலவையின் ஒரு பங்கே. நன்றாகக் குலுக்கிய கலவையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு உருகிய நீர் என்பர். சமையலில் 'தண்ணீர் அளவு' என்று நம் பெண்கள் சொல்கிறார்களே, அதே அறிவுதான்.

ஐஸ் என்றதும் யாழ்ப்பாணத்தவர் ஒருகணம் நின்று யோசிக்கவேண்டும். 1990ஆம் ஆண்டின் பின்னர் மின்சாரம் போய், பொருளாதாரத் தடை வந்து, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஆண்டுகளில் ஐஸ் என்பது ஒரு பழங்கதை. அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் ஐஸ்கட்டியைப் படத்தில் பார்த்தார்கள். மார்ட்டினியை ஐஸ் இல்லாமல் செய்யமுடியாது. ஆனால் பனங்கள்ளுக்கு ஐஸ் வேண்டாம். விடியற்காலையில் இறக்கிய முட்டியின் குளிர்ச்சி அதற்குப் போதும்.

இந்த இடத்தில் நமது கலவைக் கலையைச் சொல்லவேண்டும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் சாறு புளிக்காது. அது கருப்பணி. காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதுவே கள்ளு. மேலும் வைத்திருந்தால் வினாகிரி. ஒரே பாளை, ஒரே சாறு. நடுவில் நிற்பது சுண்ணாம்பு ஒன்றே. கருப்பணியின் இனிப்புக்குள் பச்சை மாங்காயைச் சீவிப் போட்டுப் பிளாவில் ஊற்றிக் குடித்தவர்களுக்குத் தெரியும், இனிப்பும் புளிப்பும் எந்த அளவில் சந்திக்கவேண்டும் என்பது. வெறி இல்லாத 'ரொம் கொலின்ஸ்' அது. கசப்பையும் நாங்கள் அறியாதவர்கள் அல்லர். வேப்பம்பூ வடகத்தைப் பொரித்துச் சோற்றோடு உண்கிற நாவுக்கு நெக்ரோனி புதிதில்லை.

வடமராட்சியிலே திக்கம் வடிசாலை என்றால் தெரியாதவர் இல்லை. பனங்கள்ளை வடித்துச் சாராயமாக்கும் இடம். தென்னிலங்கையிலும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டு மூலிகைகள் கிடைக்காமற் போனபோது கொழும்பில் ரொக்லண்ட் வடிசாலையார் கறுவா, இஞ்சி, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றை ஜூனிப்பரோடு சேர்த்து ஜின் வடித்ததாக அந்நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. கறிவேப்பிலை போட்ட ஜின்! நம் இரசத்துக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. அதனால் வீட்டில் கலப்பவர்களுக்கு நான் சொல்வது, சீனிப்பாகுக்குப் பதில் பனங்கட்டிப் பாகையும், எலுமிச்சைக்குப் பதில் நம் தேசிக்காயையும், ஒரு துண்டு இஞ்சியையும் முயன்று பார்க்கலாம். வந்த பொருளை உள்ளூர்ப்படுத்துவது புதிதான வேலையும் அல்ல.

சங்கச் சான்றோரும் இதை அறிந்திருந்தனர். நக்கீரர் புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைச் சொல்கிறார். அது பொற்கலத்தில் ஏந்தப்பட்டு மன்னனுக்கு வருகிறது. இறக்குமதிச் சரக்குக்குப் பொற்கிண்ணம்! ஆனால் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்புக்குப் பாணனை அழைத்துச் செல்கிறார். அங்கே வீட்டில் மது ஆக்கும் முறை படிப்படியாய் வருகிறது. அரிசிக் கூழை அகன்ற வாயுடைய பிழாவில் ஆறவிட்டு, முளைநெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தினனுக்குக் கொடுக்கிறார்கள். தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய வீட்டுக் கலவைக் குறிப்பு இதுதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதில் வரும் 'பிழா' என்ற சொல்லைக் கவனியுங்கள். நமது பிளா பனையோலையை மடித்துச் செய்வது. இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லாராய்ச்சியாளர் தீர்மானிக்கட்டும். அந்த ஒலியொற்றுமை யாழ்ப்பாணத்துக் காதில் விழாமல் போகாது.

இப்போது கிண்ணத்துக்கு வருகிறேன். மேல்நாட்டார் முறையில் ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு கிண்ணம். மார்ட்டினிக்கு விரிந்த வாய், கொலின்சுக்கு நெடிய குவளை, நெக்ரோனிக்குக் குட்டையான தடித்த குவளை. நம் நாட்டிலும் ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு கிண்ணம் இருந்தது. ஆனால் நேயர்களே, நம்மிடத்தில் 'குடி' என்றால் பருகும் பொருள் அல்ல, பிறந்த குலம். அங்கே மதுவைப் பார்த்துப் பாத்திரம், இங்கே மனிதனைப் பார்த்துப் பாத்திரம்.

பிளாவை நாங்கள் அழகாகப் பாடுகிறோம். வடலியோலையின் வாசம், கையில் அது தரும் குளிர்ச்சி எல்லாம் உண்மைதான். கள்ளுக்கொட்டிலில் கமக்காரரும் கூலிக்காரரும் ஒரே மாதிரிப் பிளாவில் குடித்ததும் உண்மை. அதைச் சமத்துவம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் பிளா ஒருமுறை குடித்ததும் வீசப்படுவது. ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டியதில்லை. ஆகவே தீட்டுக்கு அங்கே வேலையில்லை. மரத்திலே ஏறி இறக்கியவரின் கள்ளை வாங்கிக் குடிக்கலாம், அவரது செம்பில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்ற விந்தையான நியாயத்துக்கு ஓலைப் பிளா வசதியாக இருந்தது. மூக்குப்பேணியும் அப்படியே. உதடு படாமல் அண்ணாந்து ஊற்றுவதற்கென்றே அதற்கு மூக்கு வைத்தார்கள். உழைத்துக் களைத்து வந்தவருக்குச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

அதனால்தான் போராட்டம் கள்ளுக்கொட்டிலில் வெடிக்கவில்லை, தேநீர்க்கடையில் வெடித்தது என்று நான் நினைப்பதுண்டு. தேநீரைக் கண்ணாடிக் குவளையில்தான் குடிக்கவேண்டும். குவளை கழுவப்பட்டு அடுத்தவருக்குப் போகும். அங்கேதான் தனிக்குவளை, போத்தல், வெளி வாங்கு என்றெல்லாம் வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தடைகளைக் குற்றமாக்கிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது, குவளை தனியாகவே இருந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனது. தொடர்ந்து சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசங்கள் நடந்தன. ஒரு கிளாஸ் தேநீருக்காக மனிதர் அடிபட்டார்கள், உயிரும் கொடுத்தார்கள். 1960ஆம் ஆண்டில் டொமினிக் ஜீவா தம் முதற் சிறுகதைத் தொகுதிக்குத் 'தண்ணீரும் கண்ணீரும்' என்று பெயர் வைத்ததையும், 1972ஆம் ஆண்டில் கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை வெளியிட்டதையும் இந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால்தான் அவற்றின் வெப்பம் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் லண்டனிலிருந்து என் தமக்கையின் மகன் வந்திருந்தான். மாலை வேளையில் விறாந்தையில் மேசை போட்டு ஜின் கலந்தான். குலுக்குவதற்கு ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தல். அளப்பதற்கு முட்டைக் கோப்பை.

"என்ன தம்பி, இது குடிக்கிறதுக்கோ, படம் பிடிக்கிறதுக்கோ?" என்று கேட்டேன்.

"இரண்டுக்குந்தான் மாமா" என்றான்.

அந்த நேரம் எங்கள் வளவுப் பனைகளில் ஒரு காலத்தில் சீவிய முதியவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். தளநார் கட்டிக் காலையும் மாலையும் ஏறி இறங்கிய கால்கள் இப்போது பொல்லு ஊன்றி நடக்கின்றன. என் தந்தையாரை 'நயினார்' என்று அழைத்தவர், என் மருமகனைத் 'தம்பி' என்றார். அந்த ஒரு சொல்லின் மாற்றத்துக்குள் ஒரு நாவல் இருக்கிறது. பழைய பழக்கத்தில் அவர் விறாந்தைக் கரையில் நின்றார். மருமகன் கதிரையை இழுத்துப்போட்டு, ஜின்னும் ரொனிக்கும் ஐஸ்கட்டியும் தேசிக்காய்த் துண்டும் போட்டுத் தன்னுடையதைப் போன்ற ஒரு குவளையை நீட்டினான்.

முதியவர் அதைத் தலைக்குமேல் உயர்த்தி அண்ணாந்தார்.

"ஐயோ, ஐஸ் முகத்திலை விழும். வாய் வைச்சுக் குடியுங்கோ ஐயா" என்றான் அவன்.

அவர் என் தமக்கையைப் பார்த்தார். தமக்கை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெல்ல, "குடியுங்கோ" என்றாள். அவர் வாய் வைத்தார்.

"மருந்து மணக்குது தம்பி."

"ஓம், காய்ச்சலுக்குக் குடிச்ச மருந்துதான்."

முதியவர் சிரித்தார். "ஏறாமல் இறக்கின சரக்கு. அதுதான் உடம்பிலை ஒட்டேல்லை" என்றார்.

அவர் போனபின் என் தமக்கை அந்தக் குவளையைக் கழுவி மற்றவற்றோடு அலுமாரிக்குள் வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிய விடயந்தான். எங்கள் ஆச்சி இருந்திருந்தால் அது நடந்திராது. சிரட்டைக்கும் அலுமாரிக்கும் இடையில் அறுபது எழுபது அடி தூரம் இருக்கும். அதைக் கடக்க மூன்று தலைமுறை சென்றிருக்கிறது. இன்னும் கடவாத வீடுகள் இருக்கின்றன என்பதும் நேயர்களுக்குத் தெரியாததல்ல.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, எங்களோடு சேர்ந்து அவனும் உண்பான் என்பது அதன் கருத்து. அவன் வென்ற போர்களுக்கு முன்னால் பகிர்ந்த கள்ளே அந்தப் புலவருக்கு நினைவு வந்தது. ஜின்னை எத்தனை பங்கு, புளியை எத்தனை பங்கு என்று நூல்கள் சொல்லித்தரும். அடுத்தவருக்கு எத்தனை பங்கு என்பதை எந்தக் கலவை நூலும் சொல்வதில்லை. ஔவை சொல்லியிருக்கிறாள்.

குடிப்பவர்கள் அளவோடு குடியுங்கள். குடிக்காதவர்கள் கருப்பணியில் மாங்காய் சீவிப் போடுங்கள். எதைக் கலந்தாலும், வீட்டுக்கு வருகிறவர் யாரானாலும், ஒரே அலுமாரியிலிருந்து குவளையை எடுத்துக் கொடுங்கள்.